வேகக் கையிருப்பு

1976 ஜூலை 25, மாண்ட்ரியல் ஒலிம்பிக். ஆண்கள் 800 மீட்டர் இறுதிப் போட்டி. முதல் சுற்று முடிந்து மணி அடித்தபோது முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் இந்தியாவின் ஸ்ரீராம் சிங். 400 மீட்டரை 50.85 வினாடியில் கடந்திருந்தார். அவர் தோளை ஒட்டியே கியூபாவின் ஆல்பெர்டோ ஹுவான்டொரேனா வந்துகொண்டிருந்தார். இரண்டாவது சுற்றில் ஹுவான்டொரேனா முன்னேறினார், விலகினார், 1:43.50 என்ற புதிய உலக சாதனையுடன் கோட்டைத் தொட்டார். ஸ்ரீராம் சிங் ஏழாவதாக வந்தார். நேரம் 1:45.77.

ஏழாவது இடம் என்று எளிதாகக் கடந்துபோய்விடக் கூடாது. அந்த 1:45.77-ஐ இன்னோர் இந்தியர் முறியடிக்க 42 ஆண்டுகள் ஆயின. 2018-ல் ஜின்சன் ஜான்சன் 1:45.65-ல் ஓடிய பிறகுதான் அந்த எண் தேசிய சாதனைப் பட்டியலிலிருந்து நீங்கியது. தன் உலக சாதனைக்கு ஸ்ரீராம் சிங் போட்டுக் கொடுத்த முதல் சுற்று வேகம்தான் காரணம் என்று ஹுவான்டொரேனாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். நம் ஊர் விளையாட்டுப் புத்தகங்கள் அவருக்குக் கொடுக்கும் இடம் அவருடைய ஓட்டத்துக்கு ஈடானதல்ல.

இந்த அத்தியாயத்துக்கு அந்தப் பந்தயம் முக்கியமாவது வேறொரு காரணத்தால். இருவரும் முதல் 400 மீட்டரைக் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் ஓடினார்கள். அடுத்த 400-ல் இரண்டு வினாடிக்கு மேல் வித்தியாசம் வந்தது. எங்கிருந்து வந்தது?

விடையின் ஒரு பாதி நான்கு நாள் கழித்துத் தெரிந்தது. ஜூலை 29 அன்று 400 மீட்டர் இறுதிப் போட்டியில் ஹுவான்டொரேனா 44.26 வினாடியில் ஓடி இரண்டாவது தங்கத்தையும் வென்றார். 44.26-ல் ஓடக்கூடிய ஒருவருக்கு 51 வினாடிச் சுற்று என்பது தன் முழுத் திறனில் 87 சதவீதம் மட்டுமே. 800 மீட்டர் வரிசையில் நின்ற மற்ற ஏழு பேருக்கும் அந்தச் சொகுசு கிடையாது. அவர்களுக்கு அதே 51 வினாடி, தங்கள் உச்சத்துக்கு இன்னும் அருகில் ஓடும் ஓட்டம்.

இதைச் சரியாக அளக்க இரண்டு வேகங்கள் தெரிய வேண்டும். ஒன்று, ஒருவர் உயிரைக் கொடுத்து ஓடினால் எட்டும் உச்ச வேகம். ஐந்தாறு வினாடிக்குமேல் யாராலும் அதில் நிலைக்க முடியாது. இன்னொன்று, உடல் தன்னால் முடிந்த அளவு ஆக்சிஜனை முழுமையாகப் பயன்படுத்தும்போது கிடைக்கும் வேகம். இதை ஆக்சிஜன் வேகம் என்போம். இதில் ஐந்து, ஆறு நிமிடம் தாக்குப்பிடிக்கலாம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதை விளையாட்டு அறிவியலார் ஒரு தனி அளவாகவே வைத்திருக்கிறார்கள். தமிழில் அதை வேகக் கையிருப்பு என்று சொல்லலாம்.

800 மீட்டர் ஓட்டம் முழுக்க இந்தக் கையிருப்பைச் செலவழித்தே நடக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா 1:40.91-ல் ஓடி உலக சாதனை படைத்தார். அதாவது வினாடிக்கு 7.93 மீட்டர், மணிக்கு இருபத்தெட்டரை கிலோமீட்டர். உலகத்தர 800 மீட்டர் வீரர்களின் ஆக்சிஜன் வேகம் வினாடிக்கு ஆறு மீட்டரைச் சற்றே தாண்டும். அப்படியானால், அவர்கள் ஆக்சிஜனால் ஈடுகட்ட முடியாத வேகத்தில்தான் தொடக்கம் முதல் கடைசி வரை ஓடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வீரர்களுக்கும் ஆக்சிஜன் வேகம் வினாடிக்கு 6.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீரரின் உச்ச வேகம் 10 மீட்டர், இரண்டாமவருடையது 9 மீட்டர். இருவரும் வினாடிக்கு 7.6 மீட்டர் வேகத்தில் சேர்ந்து ஓடுகிறார்கள். ஆக்சிஜன் எல்லைக்கு மேலே இருவரும் போவது 1.4 மீட்டர்தான். ஆனால் முதலாமவரின் கையிருப்பு 3.8; அதில் அவர் செலவழிப்பது 37 சதவீதம். இரண்டாமவரின் கையிருப்பு 2.8, அவர் செலவழிப்பது சரிபாதி. மூச்சு, இதயத் துடிப்பு, பயிற்சி எல்லாம் சமமாக இருந்தாலும் இரண்டாமவர்தான் முதலில் தளர்வார். நியூசிலாந்தில் காரெத் சாண்ட்ஃபோர்டும் அவருடைய குழுவினரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, முன்னணி ஆண் வீரர்களிடம் இந்த உறவைத் தெளிவாகவே காட்டியது. உச்ச வேகம் அதிகமுள்ளவர்கள் 800 மீட்டரையும் விரைவாக ஓடினார்கள்.

அப்படியென்றால் 400 மீட்டர் வீரர்களைக் கூட்டிவந்து 800 ஓடவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. ஓட்டக்காரர்கள் நெடுங்காலமாகப் போட்டுவரும் ஒரு கணக்கு இதைக் காட்டிக் கொடுக்கும். ஒருவரின் சிறந்த 400 மீட்டர் நேரத்தை இரட்டித்து, அவருடைய 800 மீட்டர் நேரத்திலிருந்து கழியுங்கள். மாண்ட்ரியல் நேரங்களை வைத்துப் பார்த்தால் ஹுவான்டொரேனாவுக்கு 15 வினாடி மிஞ்சுகிறது. பிரிட்டனின் செபாஸ்டியன் கோவின் சிறந்த 400 மீட்டர் நேரம் 46.87. ஹுவான்டொரேனாவைவிட இரண்டரை வினாடிக்கு மேல் மெதுவானது. ஆனால் 1981-ல் பிளாரன்ஸ் நகரில் அவர் ஓடிய 800 மீட்டர் 1:41.73. மிஞ்சுவது எட்டே வினாடி. 16 ஆண்டுகள் உலக சாதனையாக நின்ற நேரம் அது. வேகம் குறைந்தவர் வேகம் கூடியவரைவிட விரைவாக ஓடியிருக்கிறார்.

ஆக, கையிருப்பின் அளவு மட்டும் பந்தயத்தைத் தீர்மானிப்பதில்லை. அடித்தளமும் வேண்டும். ஆக்சிஜன் வேகம் எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ, அவ்வளவு குறைவாகக் கையிருப்பில் கைவைக்க நேரும். 2001-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மேட் ஸ்பென்சரும் பால் காஸ்டினும் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு, ஆற்றல் எந்த வழியில் வருகிறது என்று அளந்தார்கள். 400 மீட்டரில் 43 சதவீதமும் 800 மீட்டரில் 66 சதவீதமும் 1500 மீட்டரில் 84 சதவீதமும் ஆக்சிஜன் வழியாக வந்தன. இரண்டு நிமிடம்கூட நீடிக்காத ஓர் ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் மூச்சுக்காற்றைச் சார்ந்தது என்பது அந்தக் காலப் பாடநூல்கள் பலவற்றைத் திருத்த வைத்த முடிவு. பந்தயம் தொடங்கி அரை நிமிடத்துக்குள்ளேயே ஆக்சிஜன் வழி ஆற்றல் மற்றதை முந்திவிடுகிறது.

மீதி மூன்றில் ஒரு பங்குதான் கால்களில் தீயாக எரிவது. தசைக்குள் ஏற்கெனவே இருக்கும் பாஸ்போகிரியாட்டின் சில வினாடிகளிலேயே பெருமளவு தீர்ந்துபோகும். அதன்பின் கிளைகோஜன், ஆக்சிஜன் இல்லாமலே உடைந்து ஆற்றல் தரும், லாக்டேட் உருவாகும், தசைக்குள் அமிலத்தன்மை கூடும். வலிக்கெல்லாம் லாக்டேட்தான் காரணம் என்று இன்றும் மைதானங்களில் சொல்கிறார்கள். உண்மையில் லாக்டேட் ஒரு எரிபொருள்; இதயமும் மற்ற தசைகளும் அதை வாங்கி எரிக்கின்றன. தசையைத் தடுமாற வைப்பவை அதோடு சேர்ந்து குவியும் ஹைட்ரஜன் அயனிகளும் பாஸ்பேட்டும்தான்.

இந்தத் தேய்மானம் கடிகாரத்தில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். லண்டனில் ருடிஷாவின் நான்கு 200 மீட்டர் பகுதிகளும் ஏறத்தாழ 23.4, 25.9, 25.0, 26.6 வினாடிகள். வரலாற்றின் மிகச் சிறந்த 800 மீட்டரிலும் கடைசிப் பகுதிதான் மிக மெதுவானது. ஆளே மாறியதுபோல் கடைசியில் வேகமெடுத்தார் என்று வர்ணனையாளர்கள் சொல்வது பெரும்பாலும் கண்மயக்கு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தொப்பியோடு ஓடிய அமெரிக்கர் டேவ் வாட்டில் முதல் சுற்றில் எல்லோருக்கும் பின்னால் கிடந்தார். கடைசி நேரான பாதையில் ஒவ்வொருவராகக் கடந்துவந்து, 0.03 வினாடி வித்தியாசத்தில் தங்கம் வென்றார். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் அவர் பறந்து வந்ததாகச் சத்தியம் செய்வார்கள். அவருடைய நான்கு பகுதிகளும் 26 வினாடிக்கும் 27 வினாடிக்கும் இடையிலேயே இருந்தன. அவர் வேகத்தைப் பெரிதாகக் கூட்டவில்லை, மற்றவர்கள் தளர்ந்துகொண்டிருந்தார்கள்.

இனி வலிமைக்கு வருவோம். நடுத்தூர ஓட்டக்காரருக்கு எடைப் பயிற்சி எதற்கு என்று கேட்கும் பயிற்சியாளர்கள் நம்மிடையே நிறைய. உடம்பு பெருத்துவிடும், கால் கனத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் எங்கே தவறுகிறது என்று புரிந்துகொள்ள, வேகம் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வேகமாக ஓடுபவர் காலை வேகமாக வீசுகிறார் என்றுதான் நாம் நினைக்கிறோம். பீட்டர் வெயண்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. வெவ்வேறு உச்ச வேகம் கொண்ட 33 பேரை விசையளக்கும் டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். மெதுவானவரின் உச்சம் வினாடிக்கு 6.2 மீட்டர், வேகமானவருடையது 11.1 மீட்டர். காலைத் தரையிலிருந்து எடுத்து மறுபடி தரையில் வைக்க இருவருக்கும் பிடித்த நேரம் கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம் தரையில் இருந்தது. வேகமானவர்கள் தரையைத் தங்கள் எடைக்கு ஏற்ற கணக்கில் அதிக விசையோடு அழுத்தினார்கள். அதுவும் குறைந்த நேரத்தில். முழு வேகத்தில் ஓடுபவரின் பாதம் தரையில் இருப்பது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் உடல் எடையைப்போல் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேற்பட்ட விசையைக் கொடுத்தாக வேண்டும்.

அந்தச் சிறு நேரத்தில் தசை மட்டும் வேலை செய்வதில்லை. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தசைநாண், பாதம் ஊன்றும்போது இழுபட்டு ஆற்றலைச் சேமித்து, பாதம் எழும்போது திருப்பித் தருகிறது. பாதத்தின் வளைவும் இப்படியே செய்கிறது. தசை உறுதியாகப் பிடித்துக்கொண்டால்தான் நாண் இழுபடும். தசை தளர்ந்தால் கணுக்கால் மடங்கும், இடுப்பு தாழும், பாதம் தரையில் கூடுதல் நேரம் ஒட்டிக்கிடக்கும். பள்ளிப் போட்டியில் 800 மீட்டரின் கடைசி நேரான பாதையில் நின்று பாருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், முழங்காலுக்குக் கீழே பாருங்கள். முதல் சுற்றில் முன்பாதத்தில் துள்ளிய பிள்ளை இப்போது முழுப் பாதத்தையும் தட்டையாக அறைந்து ஓடுவதைக் காணலாம். காலடிச் சத்தமே மாறியிருக்கும். தோள்கள் காதுப்பக்கம் ஏறியிருக்கும், எட்டு குறுகியிருக்கும். மூச்சு மட்டும் தீர்ந்ததால் வந்த கோலமல்ல அது. கால் தன் விறைப்பை இழந்ததாலும் வந்தது.

பின்லாந்தில் லீனா பாவோலைனன் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் ஒரு திருப்பம். நல்ல பயிற்சி பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரின் பயிற்சி நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் குறுகிய விரைவோட்டங்கள், தாவல்கள், குறைந்த எடையை அதிவேகமாகத் தூக்கும் பயிற்சிகள் கொடுத்தார்கள். மறு பிரிவினர் வழக்கம்போல் ஓடினார்கள். மொத்தப் பயிற்சி நேரம் இருவருக்கும் ஒன்றே. ஒன்பது வாரம் கழித்து 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் பிரிவினர் முன்னேறியிருந்தார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். முன்னேறியவர்களின் ஆக்சிஜன் உச்ச அளவு கூடவில்லை என்பதுதான் வியப்பு. அதே வேகத்தில் ஓட அவர்களுக்கு இப்போது குறைந்த ஆக்சிஜன் போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு எட்டும் மலிவாகியிருந்தது. ஓட்டச் சிக்கனம் என்பது இதுதான்.

ஒன்பது ஆண்டு கழித்து நார்வேயில் ஓய்வின் ஸ்டோரன் குழுவினர் செய்து பார்த்தது அதற்கு நேர்மாறான பாணி: கனமான எடை, மிகக் குறைந்த எண்ணிக்கை. பார்பெல்லைத் தோளில் வைத்து அரைக்குந்து நிலைவரை இறங்கி எழுவது. நான்கு முறைக்குமேல் தூக்கவே முடியாத எடை. நான்கு முறை எழுந்ததும் மூன்று நிமிடம் ஓய்வு. இப்படி நான்கு செட், அவ்வளவுதான் பயிற்சி. இறங்குவது நிதானமாக, எழுவது முடிந்தவரை வேகமாக. வாரம் மூன்று நாள், எட்டு வாரம். ஓட்டச் சிக்கனம் 5 சதவீதம் கூடியது. தங்கள் ஆக்சிஜன் வேகத்தில் களைக்கும்வரை ஓடிய நேரம் 21 சதவீதம் நீண்டது. உடல் எடை மாறவில்லை. ‘உடம்பு பெருத்துவிடும்’ என்ற பயத்துக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை. தசை பெருக்கப் பயிற்சி வேறு. அதற்கு நடுத்தர எடையைப் பலமுறை தூக்கி, நிறையச் சாப்பிட வேண்டும். கனமான எடையைச் சில முறை வேகமாகத் தூக்கும்போது முதலில் மாறுவது நரம்பு. ஏற்கெனவே இருக்கும் தசை இழைகளில் அதிகமானவற்றை, அதிக விரைவாக, ஒரே நேரத்தில் தட்டியெழுப்ப அது கற்றுக்கொள்கிறது.

செபாஸ்டியன் கோ இதை ஆய்வுகள் வருவதற்கு முன்பே வாழ்ந்து காட்டியவர். 55 கிலோவைக்கூடத் தொடாத மெல்லிய உடம்பு. லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கேண்டியிடம் எடைப் பயிற்சியும் தாவல் பயிற்சியும் முறையாகச் செய்தார். அவர் ஓடும் படங்களில் இரண்டாவது சுற்றின் முடிவிலும் இடுப்பு தாழாமல் நிற்பதைக் கவனியுங்கள்.

வலிமைக்கு வேறொரு வழியும் உண்டு. அதைக் காட்டியவர் நியூசிலாந்தின் பீட்டர் ஸ்நெல். அவருடைய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், 800 மீட்டர் ஓட்டக்காரரையும் வாரம் நூறு மைல் ஓடவைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதையில் 22 மைல். கட்டுமஸ்தான உடம்புகொண்ட ஸ்நெலுக்கு அது கொடுமையான வேலை. 1961 டிசம்பரில் அவர் ஒரு மாரத்தானையும் ஓடினார். அடுத்த இரண்டே மாதத்துக்குள், ஒரு மைல் ஓட்டத்திலும் 800 மீட்டரிலும் உலக சாதனை. 800 மீட்டரை 1:44.3-ல் ஓடியது கிறைஸ்ட்சர்ச் நகரில், அதுவும் புல்தரையில்! 1960-ல் 800 மீட்டர் தங்கம் வென்றவர், 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வென்றார்.

மாரத்தான் ஓடுவது 800 மீட்டருக்கு எப்படி உதவும்? இதற்கு விளக்கம் தேடியவரும் ஸ்நெல்தான். ஓட்டத்தை விட்டபின் அமெரிக்காவில் உடலியங்கியல் படித்து முனைவர் பட்டம் பெற்று ஆய்வாளரானார். அவருடைய விளக்கம் இது. நிதானமாக ஓடும்போது உடல் முதலில் மெதுவான தசை இழைகளையே பயன்படுத்துகிறது. ஒரு மணி, ஒன்றரை மணி என்று போகப் போக அவற்றின் கிளைகோஜன் தீர்கிறது. அப்போது ஓய்வில் இருந்த விரைவு இழைகளை உடல் வேலைக்கு அழைத்தாக வேண்டும். மெதுவான ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் இப்படி விரைவு இழைகளும் ஆக்சிஜனைப் பயன்படுத்தப் பழகுகின்றன. மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. பந்தயத்தின் கடைசி 200 மீட்டரில் கைவிடாத இழைகள் அங்கேதான் தயாராகின்றன. பிறவியிலேயே வேகம் உள்ளவர் ஸ்நெல். லிடியார்ட் அவருக்கு வேகத்தைக் கொடுக்கவில்லை. இருந்த வேகத்தைக் கடைசிவரை கொண்டுபோகும் வழியைக் கொடுத்தார்.

அதனால்தான் எல்லா 800 மீட்டர் வீரர்களுக்கும் ஒரே பயிற்சித் தாள் கொடுப்பது தவறு என்கிறேன். 400 பக்கத்திலிருந்து வருபவர்கள் இருக்கிறார்கள், 1500 பக்கத்திலிருந்து வருபவர்கள் இருக்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களும் இருக்கிறார்கள். முதல் வகையினரை ஓயாமல் தூரம் ஓடவைத்தால் அவர்களின் முக்கிய ஆயுதம் மழுங்கும். மூன்றாவது வாரத்திலேயே கால் கனக்கிறது என்பார்கள். சோம்பேறித்தனம் என்று அவர்களைத் திட்டுவது அநியாயம். 1500 பக்கத்தவரை வாரம் மூன்று நாள் 200 மீட்டர் விரைவோட்டங்களால் வாட்டினால் தொடைத் தசைதான் கிழியும். ஆனால் இருவருக்கும் பொதுவாக ஒன்று சொல்லலாம். உலகத்தர 800 மீட்டர் இப்போது வேகத்தை முன்னைவிடக் கூடுதலாகக் கேட்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் நான்கு பேர் 1:42-க்குள் ஓடினார்கள். வென்ற எமானுவேல் வான்யோன்யியின் நேரம் 1:41.19. மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த வரிசையில் யாரும் நிற்க முடியாது.

உங்கள் பள்ளி மாணவர் எந்தப் பக்கத்தவர் என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு நாள் முப்பது மீட்டர் ஓடிவந்து, முழு வேகம் எடுத்தபின் அடுத்த முப்பது மீட்டருக்கு மட்டும் ஸ்டாப் வாட்ச் பிடியுங்கள். 3.75 வினாடி என்றால் உச்ச வேகம் வினாடிக்கு 8 மீட்டர். இன்னொரு நாள் ஆறு நிமிடத்தில் முடிந்தவரை அதிக தூரம் ஓடச் சொல்லுங்கள். 1,600 மீட்டர் ஓடினால், 360-ஆல் வகுக்க, ஆக்சிஜன் வேகம் ஏறத்தாழ 4.4 மீட்டர். கையிருப்பு 3.6. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் மறுபடி அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். எது தேங்குகிறதோ அங்கே உழைப்பைக் கூட்டலாம்.

100 மீட்டரில் தோற்ற பிள்ளையை ‘நீ 800-க்குப் போ’ என்று அனுப்பும் பழக்கம் நம் மைதானங்களில் இன்னும் போகவில்லை. ஓட்ட ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது: 800 மீட்டருக்கு வந்த பிள்ளைக்கும் வாரத்தில் இரண்டு நாள் நாற்பது மீட்டர் விரைவோட்டம் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் முழு ஓய்வோடு. ஒற்றைக்கால் தாவலும் மேட்டில் ஏறி ஓடுவதும் சேருங்கள். தோளில் எடை இல்லாமல் குந்தி எழும் முறையைச் சுத்தமாகக் கற்ற பிறகே பார்பெல்லைத் தொடவிடுங்கள். அதற்கு ஓர் ஆண்டு ஆனாலும் பரவாயில்லை.